கல்ச்சர் ரிப்போர்ட்டில் சின்ன நம்பர்தான் நல்லதா?

போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் லேபுக்கு வந்தார். கையில் அம்மாவின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் இரண்டு; சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற சோதனை அது. கிருமி ஈ.கோலை. வேறொரு லேப் கொடுத்ததில் சிப்ரோஃபிளாக்சசின் 20, நைட்ரோஃபுரன்டாயின் 18. எங்களுடையதில் சிப்ரோ 2, நைட்ரோ 16. "சின்ன நம்பர்தான் நல்ல மருந்துன்னு சொன்னாவ சார், சிப்ரோவே வாங்கிட்டேன்" என்றார். பக்கத்தில் இருந்த எஸ், ஆர் எழுத்தை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு ரிப்போர்ட்டும் சொன்னது ஒன்றுதான்: சிப்ரோ கேட்காது (ஆர்), நைட்ரோ கேட்கும் (எஸ்).

முதல் லேப் பார்த்தது டிஸ்க் முறை. கிருமி வளர்க்கிற ஜெல்லியான அகர் ஊற்றிய தட்டில் கிருமியைப் பூசி, மருந்து வில்லையை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். 20, 18 என்பது அதன் மில்லிமீட்டர். நாங்கள் பார்த்தது எம்.ஐ.சி.: கிருமி வளராமல் தடுக்கக் குறைந்தது எவ்வளவு மருந்து வேண்டும் என்ற கணக்கு. வட்டம் பெரிதானால் நல்லது, எம்.ஐ.சி. சிறிதானால் நல்லது. ஆனால் மருந்துக்கு மருந்து எல்லை வேறு. லேப் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் அட்டவணைப்படி ஈ.கோலைக்கு நைட்ரோ வட்டம் 17 மி.மீ. இருந்தால் போதும், சிப்ரோவுக்கு 26 வேண்டும். எம்.ஐ.சி.யில் நைட்ரோ 32 வரை எஸ். சிப்ரோ 1 தொட்டாலே ஆர். இரண்டையும் ஒப்பிடுவது முழம் பூவையும் படி அரிசியையும் ஒப்பிடுகிற கதை.

அம்மாவுக்கு வெறும் நீர்க்கடுப்புதான். கிட்னி வரை ஏறியிருந்தால் நைட்ரோ எஸ் என்றாலும் உதவாது; அது டாக்டர் பார்க்க வேண்டியது.

டிஸ்க் மட்டமான முறை இல்லை. செலவு குறைவு, இரண்டு கிருமி கலந்திருந்தால் தட்டே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கைப்பக்குவம் வேண்டும். அகர் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும், மெலிந்தால் வட்டம் பொய்யாகப் பெரிதாகும். மே மாதம் கரண்ட் போய், ஃபிரிட்ஜ் சூடாகி, வில்லையில் ஈரம் ஏறினால் வீரியம் போய் வட்டம் சுருங்கும். நல்ல மருந்துக்கும் ஆர் விழும். ஒரு கோடையில் நானே அப்படி ஏமாந்தேன். அப்புறம்தான் ஏ.டி.சி.சி. 25922 என்ற சோதனைக் கிருமியை வாராவாரம் வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் வந்தது.

டிஸ்க்கை நம்பவே கூடாத இடமும் உண்டு. கொலிஸ்டின், ஐ.சி.யு.வில் கடைசியாகக் கைவைக்கிற மருந்து. மூலக்கூறு பெரிது, அகரில் சரியாகப் பரவாது. தட்டில் வைக்கிற மருந்து தடவிய ஸ்ட்ரிப்பும் சரிப்படாது. திரவத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைலூஷன் மாதிரி முறைதான் வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிக்கு வான்கோமைசின் பார்க்கும்போதும் டிஸ்க் ஆகாது, எம்.ஐ.சி. வேண்டும். இந்த இரண்டுக்கும் மி.மீ. போட்டு எஸ் என்று ரிப்போர்ட் வந்தால், ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லி லேபுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.