மேகமில்லாத இரவும் இறங்கும் சுருதியும்

மேற்கு நாடுகளில் கோடைக்கால இரவுகளில், புல்வெளியில் ஒரு பக்கம் இசைக்குழுவும் இன்னொரு பக்கம் தொலைநோக்கிகளுமாக நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. கோள் பார்க்க வந்தவர் மேகமே வேண்டாம் என்று வேண்டிக்கொள்வார். ஆனால் குழல் வாசிப்பவருக்குத் தொல்லை தருவது அந்தத் தெளிந்த வானம்தான்.

தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக ஓயாமல் மேலே அனுப்புகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். இல்லாவிட்டால் பெரும்பகுதி விண்வெளிக்குப் போய்விடும். தரையும் அதை ஒட்டிய காற்றும் விரைவாகக் குளிரும். மேகமற்ற மார்கழி விடியலில் புல் நனைந்து கிடப்பதும் இதனால்தான்.

20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் ஓடும். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் 0.6 மீட்டர் குறையும். குழலின் நீளம் மாறுவதில்லை, உள்ளே ஒலியின் வேகம் குறைகிறது. எனவே சுருதி இறங்குகிறது. உட்காற்று 10 டிகிரி குளிர்ந்தால் 440 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 440 அதிர்வுகள்) ஒலித்த சுரம் ஏறத்தாழ 432-க்கு இறங்கிவிடும். வாசிப்பவரின் மூச்சுச்சூடு இதைப் பெரிதும் ஈடுகட்டுகிறது, அதனால்தான் வாசிக்காத நேரத்திலும் கலைஞர்கள் கருவிக்குள் மெல்ல ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். வயலினில் நடப்பது நேர்மாறு. குளிரில் உலோகத் தந்தி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். ஒரே மேடையில் ஒன்று மேலே, ஒன்று கீழே! இடைவேளைக்குப் பின் மறுபடியும் ஓபோ ஒரு சுரம் பிடிக்க, எல்லோரும் அதற்குச் சேர்க்கிறார்கள். ஓபோவும் நம் நாகசுரம் போல இரட்டைச் சீவாளிக் கருவிதான்.

குளிரில் ஒரு நன்மையும் உண்டு. கீழே குளிர்காற்று, மேலே சற்றுச் சூடான காற்று என்று அடுக்கு அமைந்தால் ஒலி தரைப்பக்கம் வளைந்து நெடுந்தூரம் போகும். நள்ளிரவில் தொலைவு ரயிலின் ஓசை கேட்பது இப்படித்தான்.

தொலைநோக்கிக்கு வேண்டியதோ குளிர்ச்சி. சூடான கண்ணாடியின் மேல் காற்று கிளம்பி நெளிந்தால் சனியின் வளையம் கலங்கித் தெரியும். அதனால் ஒரு மணி நேரம் முன்பே அதை வெளியில் வைத்துவிடுவார்கள்.

இந்த இரண்டு உலகங்களிலும் வாழ்ந்தவர் வில்லியம் ஹெர்ஷல். பதின்வயதில், இன்றைய ஜெர்மனியிலுள்ள ஹனோவரின் ராணுவ இசைக்குழுவில் ஓபோ வாசித்தவர். பின்னர் இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஆர்கன் கலைஞர். தொலைநோக்கிக்காக, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடியை ஒருமுறை 16 மணி நேரம் கையெடுக்காமல் மெருகேற்றியபோது, பாடகியான தங்கை கரோலின்தான் அவருக்கு உணவு ஊட்டினார். கரோலினே பிறகு பல வால்மீன்களைக் கண்டுபிடித்தார் என்பதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1781 மார்ச் 13 இரவு, தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார்.

1800-ல் அவர் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்தபோது வெப்பம் இன்னும் ஏறியது. புல்வெளியின் சூட்டை விண்வெளிக்கு ஏற்றிச்சென்று ஓபோவின் சுருதியை இறக்குகிற அகச்சிவப்பை, பழைய ஓபோ கலைஞர் ஒருவர் அன்று முதன்முதலாகக் கண்டுகொண்டார்.