கேபிளை மாற்றும் முன் செட்டிங்கைப் பாருங்கள்

"எச்டிஎம்ஐ-யில் போட்டால் கருப்பு வெளுத்துத் தெரிகிறது. டிஸ்ப்ளே போர்ட்டில் நன்றாக இருக்கிறது. அப்போ எச்டிஎம்ஐ மட்டம்தானே?" மானிட்டர் பழுது பார்க்கும் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. கண்ணில் பட்டது உண்மைதான். காரணம் வேறு.

கணினியை மானிட்டரோடு இணைக்கும் வழி டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எதுவானாலும் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாகத்தான் போகிறது. அதே எண்கள் போய்ச் சேர்ந்தால் அதே படம்தான். 1987-இல் வந்த விஜிஏ இணைப்பு அனலாக், அதாவது நிறம் எண்ணாக இல்லாமல் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகும்; கேபிள் மட்டமாக இருந்தால் எழுத்து மங்கும், நிழலடிக்கும். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் கேபிளைக் குறை சொல்கிறோம். டிஜிட்டல் கேபிள் கெட்டால் நிறம் வெளுக்காது. புள்ளிகள் பொறிபோல மின்னும், படம் விட்டுவிட்டு வரும், இல்லையென்றால் திரையே இருண்டுவிடும்.

புகைப்படம் திருத்தும் ஒருவர் மூன்று கேபிள் மாற்றிவிட்டு வந்தார். கடைசியாக வாங்கியது தங்க முலாம் பூசியது. கருப்புக் கோட்டு போட்ட மணமகன் படத்தைத் திறந்தோம். கோட்டு சாம்பலாகத் தெரிந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் வண்ண வரம்பு 'லிமிடெட்' என்று இருந்தது. டிவி முறையில் கருப்பு 16, வெள்ளை 235. கணினி முறையில் 0, 255. கார்டு மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்டு 16-ஐ அனுப்ப, மானிட்டர் அதைக் கருஞ்சாம்பலாகக் காட்டியிருக்கிறது. 'ஃபுல்' என்று மாற்றினேன், கோட்டு கருப்பானது. அவர் முகம் வாடிவிட்டது. வெளுத்த திரையை நம்பி அதுவரை எத்தனையோ படங்களை இருட்டாக்கி அனுப்பியிருந்தார். எனக்கும் மனசு கேட்கவில்லை.

நேர்மாறாகவும் நடக்கும். கார்டு ஃபுல், மானிட்டர் லிமிடெட் என்று இருந்தால் கருங்கூந்தலின் இழைகள் ஒரே கரும்பட்டையாகிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் பாருங்கள்.

சரி, இணைப்பில் வித்தியாசமே இல்லையா? எவ்வளவு தகவலை அனுப்ப முடியும் என்பதில் உண்டு. ஒற்றை லிங்க் டிவிஐ 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும்போது, 1920×1200 புள்ளிகள் வரைதான் தாங்கும். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே (3840×2160 புள்ளிகள்) முழு நிறத்தோடு 30 ஹெர்ட்ஸ்தான். மவுஸ் அம்பு தாவித் தாவிப் போகும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும். வழி போதாதபோது சில கார்டுகள் சத்தமில்லாமல் நிறத் தகவலைக் குறைத்து 4:2:0 என்று அனுப்பிவிடும். படம் பார்க்கும்போது தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை அடித்துப் பாருங்கள், ஓரம் கசிந்திருந்தால் அதுதான். கார்டின் அமைப்பில் வெளியீட்டை ஆர்ஜிபி-க்கு, அதாவது நிறத் தகவலைக் குறைக்காத முறைக்கு, மாற்றுங்கள். அந்தத் தேர்வே வராவிட்டால் ஹெர்ட்ஸைக் குறைத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு இணைப்புக்கும் நிறம் வேறாகத் தெரிகிறதா? பல மானிட்டர்கள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் மோடைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.