பிரசவத்துக்குப் பிறகு பால் சுரந்ததா?

டிசம்பர் மாத ஊட்டியில் காலை ஏழு மணிக்கு எல்லோருக்கும்தான் குளிர்கிறது. ஸ்வெட்டர், மப்ளர், தலையில் குல்லா என்று ஊரே போர்த்திக்கொண்டு நடக்கிறது. இங்கே ஐம்பது வயதுப் பெண் ஒருவர், "எனக்குக் குளிர் தாங்கலை, உடம்புல தெம்பே இல்லை" என்று சொன்னால், அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. மதுரையில் மே மாதம் ஒருவர் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவர்களே பதறிவிடுவார்கள். நீலகிரியில் அதே அறிகுறி ஊரின் குளிருக்குள் ஒளிந்துகொள்கிறது.

இப்படி ஒளிந்துகொள்ளும் நோய்களில் ஒன்று ஷீஹான் நோய். பிரசவத்தின்போது அளவுக்கு மீறி ரத்தம் போய், அதனால் பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதி செத்துப்போவதால் வருவது. பிரசவம் முப்பது வருடத்துக்கு முன்பு நடந்திருக்கலாம். அன்று பிறந்த குழந்தைக்கே இன்று குழந்தைகள் இருக்கலாம். தாயோ அன்றைய ரத்தப்போக்கின் விளைவை இன்றும், காரணம் தெரியாமலே, சுமந்துகொண்டிருப்பார்.

பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவுதான், எடை சுமார் அரை கிராம். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்பகுதிதான் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஏ.சி.டி.எச்., சினைப்பையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோன் எல்லாவற்றையும் தயாரிக்கிறது. இந்த முன்பகுதி போய்விட்டால் தைராய்டும் அட்ரீனலும் சினைப்பையும் நல்ல நிலையில் இருந்தும் வேலை செய்யாது. அவற்றுக்கு உத்தரவு வருவதே நின்றுவிடுகிறது.

ரத்தப்போக்கு உடம்பு முழுவதையும் பாதிக்கும்போது இந்தச் சுரப்பி மட்டும் ஏன் முதலில் மாட்டிக்கொள்கிறது? இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வருகின்றன. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் புரோலாக்டின் சுரக்கும் செல்கள் பெருகி, சுரப்பி கணிசமாகப் பெரிதாகிறது. எலும்புக் குழி பெரிதாவதில்லை. ரத்த வரத்தும் அதே அளவுக்குக் கூடுவதில்லை. ஆக, பிரசவ நேரத்தில் பிட்யூட்டரிக்குத் தேவை அதிகம், கையிருப்பு குறைவு.

இரண்டாவது காரணம் ரத்தம் வரும் பாதை. முன்பகுதிக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு நேராகத் தமனியிலிருந்து வருவதில்லை. அது முதலில் மேலே, மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் நுண்குழாய்களாகப் பரவுகிறது, அப்புறம் சிறு சிரைகளாகச் சேர்ந்து கீழே இறங்குகிறது, பிட்யூட்டரிக்குள் மறுபடியும் நுண்குழாய்களாகப் பிரிகிறது. இந்த ஏற்பாட்டால் ஹைப்போதலாமஸின் ரசாயனச் செய்திகள் நீர்த்துப்போகாமல் சுரப்பியை வந்தடைகின்றன. ஆனால் ரத்தம் வந்து சேரும்போது அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். எஸ்டேட் லைனில் பத்து வீடுகள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கடைசி வீட்டுக்கு எப்போதும் சன்னமாகத்தான் வரும். தொட்டியில் மட்டம் இறங்கினால் முதலில் காய்வதும் அந்த வீடுதான். பிட்யூட்டரியின் முன்பகுதி அந்தக் கடைசி வீடு. பின்பகுதிக்குத் தனியாகத் தமனி இருப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

1913-இல் போலந்து மருத்துவர் கிளின்ஸ்கியும், 1914-இல் ஹாம்பர்க்கில் சிம்மண்ட்ஸும் பிட்யூட்டரி செத்துப்போன பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1937-இல், கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவமனையில் நோயியல் ஆய்வு செய்துவந்த ஹரால்ட் ஷீஹான்தான், பிரசவத்தில் இறந்த பெண்களின் உடல்களைப் பரிசோதித்து, இந்தச் சேதத்தையும் பிரசவ ரத்தப்போக்கையும் தெளிவாக இணைத்துக் காட்டினார். பெயர் அவருடையதாக நிலைத்துவிட்டது.

நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தெரிந்துவிடுகிறது. பால் சுரப்பதில்லை. மார்பு கனப்பதும் இல்லை, பால் கட்டிக்கொள்வதும் இல்லை. புரோலாக்டின் செல்கள் போய்விட்டதால் இப்படி ஆகிறது. அந்த நேரத்தில் வீட்டில் என்ன பேச்சு எழும் என்று நமக்குத் தெரியும். பத்தியம் சரியில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, குழந்தையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பழி முழுவதும் அந்தப் பெண்மேல் விழும். உயிர் பிழைத்து வந்தவளைக் குறைசொல்லும் இந்தப் பேச்சு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பால் குறைவதற்கு வேறு பல காரணங்களும் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை சாதாரணமானவை. ஆனால் ரத்தம் நிறையப் போன பிரசவத்துக்குப் பிறகு பால் துளிக்கூட வரவில்லை என்றால் அது ஒரு மருத்துவத் தகவல். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வைக்க வேண்டியது.

அடுத்து மாதவிடாய் திரும்புவதில்லை. "பிள்ளை பெத்ததிலிருந்து வரலை" என்று பலர் சாதாரணமாகச் சொல்வார்கள். அக்குளில் முடி உதிர்ந்துவிடும். முகம் வெளுத்து, கண்ணோரத்திலும் வாயோரத்திலும் மெல்லிய சுருக்கங்கள் விழும். சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், குறைந்த ரத்த அழுத்தம் எல்லாம் மெதுவாகச் சேரும். ரத்தசோகையும் வரும். ஹார்மோன் குறைவதால் வரும் இந்த ரத்தசோகை இரும்புச்சத்து மாத்திரைக்கு மட்டும் அசையாது. எல்லாமே மெதுவாக வருவதால் பெண் அதற்குப் பழகிப்போகிறார், வீடும் பழகிப்போகிறது. பிரசவத்துக்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் நடுவில் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிடுகின்றன என்றே பல நாட்டு மருத்துவர்களின் பதிவுகள் காட்டுகின்றன.

ஆபத்து வருவது ஒரு காய்ச்சலில், அல்லது இரண்டு நாள் வயிற்றுப்போக்கில். நல்ல உடம்பு அப்போது கார்ட்டிசாலை, அதாவது நெருக்கடியைத் தாங்கவைக்கும் அட்ரீனல் ஹார்மோனை, பல மடங்கு சுரக்கும். இவருக்கு அது வராது. வாந்தி, தலைசுற்றல், சர்க்கரை இறங்குதல், சில நேரம் நினைவு தப்புதல். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் மிகக் குறைவாக இருக்கும். கார்ட்டிசாலும் தைராய்டு ஹார்மோனான தைராக்சினும் குறையும்போது உடம்பு தண்ணீரை வெளியேற்ற முடியாமல் தேக்கிவைக்கிறது, அதில் சோடியம் நீர்த்துப்போகிறது. "உப்பு குறைஞ்சுபோச்சு" என்று சேலைன் ஏற்றி, கொஞ்சம் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அதே கதை நடக்கும். காரணம் தெரியாமல் இரண்டாவது முறை சோடியம் இறங்கிய பெண்ணிடம், கடைசிப் பிரசவம் எப்படி நடந்தது, ரத்தம் ஏற்றினார்களா, பால் சுரந்ததா, மாதவிடாய் திரும்பியதா என்று யாராவது கேட்டுவிட வேண்டும். இந்தக் கேள்விகளுக்குச் செலவு ஒன்றுமில்லை.

கேட்காமல் பரிசோதனையை மட்டும் நம்பினால் ஒரு பொறி இருக்கிறது. சோர்வு, குளிர் என்றதும் பெரும்பாலான இடங்களில் எழுதித் தருவது டி.எஸ்.எச். பரிசோதனை. சாதாரணத் தைராய்டு குறைபாட்டில் அது அருமையான பரிசோதனைதான். தைராய்டு தளரும்போது பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சை அதிகமாகச் சுரந்து அதை விரட்டும், அந்த உயர்வை வைத்து நோயைப் பிடித்துவிடலாம். ஆனால் விரட்ட வேண்டிய பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் டி.எஸ்.எச். உயராது. குறைவாகவோ, பல நேரம் 'நார்மல்' அளவிலோ இருக்கும். சிலரிடம் லேசாக உயர்ந்துகூட இருக்கும், ஆனால் அந்த டி.எஸ்.எச்.சுக்கு வீரியம் இருக்காது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்ததும், "உங்களுக்குத் தைராய்டு இல்லைம்மா" என்று முடித்துவிடுகிறார்கள். கூடவே ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் அளவைப் பார்த்திருந்தால் அது குறைந்திருப்பது தெரிந்திருக்கும். டி4 குறைவாக இருந்தும் டி.எஸ்.எச். உயரவில்லை என்றால் பழுது மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த நோய் எவ்வளவு பரவலாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு, அதுவும் மலைப்பகுதியில். காஷ்மீர் பள்ளத்தாக்கில் மருத்துவர் ஜர்கரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2005-இல் வெளியிட்டது. பிள்ளை பெற்ற, இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பிரசவம் வீட்டில் நடந்திருந்தது. மீதிப் பேரை நான் இன்னும் முக்கியமாகப் பார்க்கிறேன். மருத்துவமனைக்குப் போயும் இந்த நோய் வந்திருக்கிறது. ரத்தம் போவதை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரத்தப்போக்கு மட்டும்தான் காரணமா என்பதும் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஒரே அளவு ரத்தம் இழந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எலும்புக் குழி பிறவியிலேயே சிறிதாக இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2002-இல், இந்நோய் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் பிட்யூட்டரிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். செத்த திசுவிலிருந்து கசிந்தவற்றை உடம்பு அந்நியமாக நினைத்து, மிச்சமிருக்கும் சுரப்பியையும் மெல்ல அரிக்கிறதோ என்ற சந்தேகம் அதிலிருந்து எழுகிறது. பிரசவம் முடிந்து பல வருடம் கழித்தும் நோய் மோசமாகிக்கொண்டே போவதற்கு அது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

நீலகிரிக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனை. ஆனால் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வராதவர்கள். இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து, லைன் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள். படுகர்களின் ஊர்களான ஹட்டிகளிலும் பழங்குடிக் கிராமங்களிலும் மருத்துவச்சி கையில் பெற்றவர்கள். பாதை இல்லாத இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள். கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர், அதில் பாதி கொண்டை ஊசி வளைவும் ஏற்றமும். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது நீண்ட தூரம்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் நோய்க்கான மரபுக்கூறு (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரை நோய் இது) முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952-இல். அந்த நோயால் ரத்தசோகையில் இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தில் சிறிதளவு ரத்தம் போனாலும் பெரிய இழப்பு. ரத்தசோகை என்றதுமே காரணத்தை அதன்மேல் போட்டுவிட்டு மற்றதைத் தேடாமல் விடுவதும் இதே மலையில் எளிதாக நடக்கும். அன்று ரத்த மாதிரி எடுத்து ஒரு நோயைக் கண்டறிந்த மலையில், காஷ்மீரில் செய்ததுபோல இதையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரின் படிவத்தில் பாலைப் பற்றியும் மாதவிடாயைப் பற்றியும் இரண்டு கேள்விகள் சேர்த்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

புதிதாக யாருக்கும் வராமல் தடுக்கும் வேலையில் நல்ல செய்திகள் இருக்கின்றன. கர்நாடகத்தின் பெல்காம் பகுதிக் கிராமங்களில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், பிரசவம் முடிந்ததும் கருப்பையைச் சுருங்கவைக்கும் மிசோபுரோஸ்டால் மாத்திரை கொடுத்தபோது அதிக ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. 2017-இல் 20,000 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு, உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் வரும் மரணம் குறைகிறது என்று காட்டியது. 2023-இல் ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வில், போகும் ரத்தத்தை அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்து அளந்து, அதிகம் என்று தெரிந்த உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது ரத்தப்போக்கைக் குறைத்தே கணக்கிடுகிறோம் என்பதுதான் இதன் அடியில் இருக்கும் உண்மை. இந்த ஆய்வுகள் பிட்யூட்டரியை அளக்க நடந்தவை அல்ல. ஆனால் நிற்கும் ஒவ்வொரு ரத்தப்போக்கும் அந்தச் சுரப்பியையும் காப்பாற்றுகிறது.

நோய் இருக்கிறதா என்று உறுதிசெய்ய காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசால் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி, 15-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இல்லை. நடுவில் வந்தால் ஏ.சி.டி.எச். போன்ற ஊசி போட்டு, கார்ட்டிசால் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான சினாக்தென் ஊசி நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் இங்கே கிடைக்கும் ஆக்டன் ப்ரோலாங்கேட்டம் ஊசியை வைத்தே அந்தச் சோதனையைச் செய்யலாம் என்று இந்திய மருத்துவர்கள் ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்புக் குழி காலியாகவோ, பாதி காலியாகவோ தெரியும்.

சிகிச்சை விலை அதிகமில்லாத மாத்திரைகள்தான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அதற்குப் பிறகே தைராக்சின். தைராக்சினை மட்டும் முதலில் கொடுத்தால் உடம்பின் வேகம் கூடி, மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலும் சீக்கிரம் செலவாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். தைராக்சின் அளவையும் டி.எஸ்.எச்.சை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, ஃப்ரீ டி4 பார்த்துத்தான். வயதைப் பொறுத்து ஈஸ்ட்ரோஜனும் சேர்ப்பார்கள். பல வருடம் படுக்கையே கதி என்று இருந்தவர்கள் சில வாரங்களில் எழுந்து நடமாடுவது இந்தச் சிகிச்சையில் வழக்கமாக நடப்பது.

மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொல்லியபடி ஸ்டீராய்டு அளவை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிதான் வழி, 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், தாமதிக்காமல். மலையில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு வேலையும் உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் இரண்டு மூன்று நாள் கீழே இறங்க முடியாது. ஜூன் பிறக்கும் முன்பே ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வைத்து, தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அந்த ஊசி மருந்து இருக்கிறதா என்று கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர் என்று ஒரு சீட்டில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டால் 108 ஆம்புலன்ஸில் வருபவர் முதலில் அதைப் பார்ப்பார்.