டேப் வாங்கப் போறீங்களா? அதுல எது நடக்காதுன்னு முதல்ல பாருங்க

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்துல மொபைல், டேப் சர்வீஸ் பண்றேன், கூடவே ஆடிட்டர் ஆபீஸ், டியூஷன் சென்டர், சின்ன ஹோட்டல்னு சில இடத்துக்கு சிஸ்டமும் பாத்துக் குடுக்குறேன். "அண்ணா, ஐபேட் நல்லதா சாம்சங் நல்லதா"ன்னு கேக்காத ஆள் இல்ல. என்ன வேலைக்குங்கன்னு கேட்டா "எல்லாத்துக்கும்தான், கொஞ்சம் ஆபீஸ் வேலை, பசங்க படிப்பு, நைட்ல படம்"னு பதில் வரும். அந்த "எல்லாத்துக்கும்"லதான் காசு போகுது. டேப்ல என்னெல்லாம் பண்ணலாம்னு காட்டுறதுக்கு யூட்யூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க, எது நடக்காதுன்னு சொல்ல ஆள் கம்மி, அதனால இங்க அத மட்டும் பேசுறேன்.

முதல்ல ஆபீஸ் வேலை, ஏன்னா ஏமாற்றம் அதிகமா வர்றது இதுலதான். கணக்கு எழுதுற டேலி ஆண்ட்ராய்டுலயும் ஓடாது, ஐபேட்லயும் ஓடாது, அது விண்டோஸ் சாஃப்ட்வேர். பிரவுசர்ல ரிப்போர்ட் பாக்கலாம், ஆபீஸ் கம்ப்யூட்டர ரிமோட்ல எடுத்து சமாளிக்கலாம், ஆனா நாள் பூரா வவுச்சர் என்ட்ரி போடுறவருக்கு அது பொழப்பாகாது. அடுத்தது டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், ஆன்லைன்ல கையெழுத்து போட சொருகுற அந்த சின்ன யூஎஸ்பி குச்சி. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தனிநபர் தொழில்னா ஓடிபி போட்டே முடிச்சிடலாம், கம்பெனி, எல்எல்பின்னா அந்த டோக்கன் இல்லாம முடியாது, டோக்கனுக்கான டிரைவர் கம்ப்யூட்டருக்குத்தான் இருக்கு. டேப்ல யூஎஸ்பி-சி ஓட்டை இருக்கேன்னு கன்வெர்ட்டர் வாங்கி சொருகிப் பாத்துட்டு "போர்ட் போச்சு"ன்னு கடைக்குக் கொண்டு வர்றாங்க, போர்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

எக்செல் இருக்கேம்பாங்க. இருக்கு, ஆனா மேக்ரோ, அதாவது ஷீட்டுக்குள்ள எழுதி வெச்ச குட்டி புரோகிராம், ஓடாது. இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஆப்ல ஸ்கிரீன் 10.1 இஞ்ச் வரைக்கும் உள்ள டேப்புக்குத்தான் ஃப்ரீயா எடிட் பண்ண விடுவாங்க, அதுக்கு மேல போனா வருஷ சந்தா கட்டணும். இப்ப கடையில நிக்கிற டேப்ல பாதிக்கு மேல 11 இஞ்ச். பெரிய ஸ்கிரீன்னு சந்தோஷமா வாங்கிட்டு வந்து ஃபைல திறந்தா படிக்க மட்டும்தான் முடியும். கூகுள் ஷீட்ஸ்ல வேலை முடிஞ்சிடும்னா கவலை இல்ல. அப்புறம் நம்ம ஊர் தலைவலி ஒண்ணு இருக்கு, வானவில், பாமினின்னு பழைய ஃபான்ட்ல அடிச்ச தமிழ் ஃபைலு. பத்திர எழுத்தர், டிடிபி சென்டர், சில ஆபீஸ்ல இன்னும் அதுதான் ஓடுது, டேப்ல திறந்தா எழுத்தெல்லாம் கன்னாபின்னான்னு வரும். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் முறையில அடிச்சிருந்தா பிரச்சனை இல்ல.

இதுல ரெண்டு விஷயம் உங்க வேலையில இருந்தாலே லேப்டாப் வாங்கிடுங்க. கீபோர்ட் கவர் போட்டா டேப் லேப்டாப் ஆயிடும்னு கடையில சொல்வாங்க. 13 இஞ்ச் ஐபேட் ப்ரோவோட அதுக்குன்னு விக்கிற மேஜிக் கீபோர்டையும் சேத்து தூக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட மேக்புக் ஏர் வெயிட் வரும், விலை அத தாண்டிப் போயிடும். 2025ல வந்த ஐபேட்ஓஎஸ் 26ல விண்டோவ இஷ்டத்துக்கு சின்னது பெருசு பண்ணலாம், மேல மெனு கூட வந்துடுச்சு, நல்ல மாற்றம்தான், ஆனா ஆப்பு அதே மொபைல் ஆப்புதானே.

சிம் விஷயம். வைஃபை மட்டும் உள்ள ஐபேட்ல ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. மொபைல் ஹாட்ஸ்பாட் குடுத்து ஓட்டிக்கலாம்னு வாங்கிட்டு, சைட்ல போய் லொக்கேஷன் எடுக்குறவங்க, கார்ல மேப்புக்கு மாட்டுறவங்க மாட்டிப்பாங்க. ஏ16 சிப் போட்ட சாதா ஐபேட் 2025ல வந்தப்ப வைஃபை மாடல் 34,900, சிம் மாடல் 49,900, அதாவது பதினஞ்சாயிரம் வித்தியாசம், அதனால உண்மையிலேயே தேவையான்னு யோசிச்சுக்கோங்க. அவ்வளவு குடுத்து சிம் மாடல் வாங்கினாலும் ஐபேட்ல சாதாரண ஃபோன் கால் பேச முடியாது, எஸ்எம்எஸ்ஸும் அனுப்ப முடியாது. யூபிஐ ஆப் ரிஜிஸ்டர் ஆகணும்னா அந்த மெஷின்ல இருக்கிற சிம்முல இருந்தே எஸ்எம்எஸ் போகணும், அதனால கடை கல்லாவுல ஐபேட வெச்சு அதுலயே பேமெண்ட் ஆப்பும் போட்டுக்கலாம்ங்கிற கணக்கு தப்பு. சிம் போடுற சாம்சங் டேப்ல காலும் பேசலாம், மெசேஜும் போகும். வாட்ஸ்அப் ஐபேட்டுக்குன்னு தனியா வந்ததே 2025 மே மாசம்தான், அதையும் ஃபோனோட லிங்க் பண்ணித்தான் ஓட்டணும்.

இப்ப என் மேஜைக்கு அதிகமா வர்றது, உடைஞ்ச கண்ணாடி. விலை கம்மியான சாதா ஐபேட்ல மேல இருக்கிற டச் கண்ணாடி தனி, உள்ள டிஸ்ப்ளே தனி, நடுவுல லேசா இடைவெளி இருக்கும். ரிவ்யூ பண்றவங்க இத ஒரு குறையா சொல்வாங்க, ஆப்பிள் பென்சில் வெச்சு எழுதினா முனைக்கும் கோட்டுக்கும் நடுவுல கொஞ்சம் தள்ளி நிக்கிற மாதிரி தெரியும், டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், அதெல்லாம் உண்மைதான். ஆனா கீழ விழுந்து கண்ணாடி மட்டும் உடைஞ்சா கண்ணாடிய மட்டும் மாத்திக் குடுக்கலாம். ஐபேட் ஏர், ப்ரோ, இப்ப வர்ற சாம்சங் டேப் பெரும்பாலும் கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் ஒண்ணா ஒட்டினது, ஒரு மூலையில கீறல் விட்டாலும் முழு செட்டையும் மாத்தணும், அந்த ரேட்ட சொன்னா "இதுக்குப் புதுசே வாங்கிடலாமேண்ணா"ன்னு கிளம்பிடுவாங்க. வீட்ல சின்னப் பசங்க இருந்தா நான் சாதா ஐபேட்டத்தான் சொல்றது இதனாலதான், ரிவ்யூவுல எவ்வளவு மார்க் வாங்கினதுங்கிறத நான் பாக்குறதில்ல. தண்ணி பக்கம் புழக்கம்னா, கிச்சன்ல ரெசிபி பாக்குறவங்க, ஹோட்டல்ல ஆர்டர் எடுக்குறவங்க, சாம்சங் டேப் எஸ்9 எஃப்இ மாதிரி தண்ணி, தூசி தாங்குற ஐபி68 ரேட்டிங் உள்ளது பாருங்க. ஒரு தடவை திறந்து சர்வீஸ் பண்ணிட்டா அந்த தண்ணி பாதுகாப்ப அப்புறம் நம்பாதீங்க, நான் பண்ணிக் குடுத்தாலும் சரி.

ஹோட்டல்னு சொன்னதும் பேட்டரி ஞாபகம் வருது. பில்லிங் கவுன்டர்ல டேப்ப ஸ்டாண்ட்ல மாட்டி இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜ்லயே விட்டுடுறாங்க, பேட்டரி நூறுலயே நின்னு சூடாகி உப்பிடும், ஸ்கிரீன் ஓரத்துல தூக்கிட்டு வரும். அந்த நிலையில அமுக்கி ஒட்டப் பாக்காதீங்க, பேட்டரி குத்துப்பட்டா தீப்பிடிக்கும். சாம்சங்ல பேட்டரி ப்ரொடெக்‌ஷன்னு செட்டிங் இருக்கு, புது ஐபேட்லயும் 80 பர்சன்ட்டோட நிறுத்துற வசதி வந்திருக்கு, போட்டு விடுங்க. அது இல்லாத பழைய டேப்னா ராத்திரி கடை சாத்தும்போது பிளக்க பிடுங்கிடுங்க.

எழுதுறதுக்கு வாங்குற காலேஜ் பசங்களுக்கு ஒரு வார்த்தை. முந்நூறு ரூபாய்க்கு விக்கிற ரப்பர் முனை ஸ்டைலஸ் விரல் மாதிரிதான், கைய ஸ்கிரீன்ல ஊனினா கையும் சேந்து எழுதும். சாம்சங் டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ ரெண்டுலயும் எஸ் பென்ங்கிற அவங்க பேனா பாக்ஸ்லயே வரும், ஐபேட்டுக்கு பென்சில் தனிக்காசு. யூஎஸ்பி-சி பென்சில்ல அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி கோடு தடிக்கிறது கிடையாது, நோட்ஸ் எடுக்க போதும், படம் வரையறவங்களுக்கு ஆகாது. பட்ஜெட் இருபத்தஞ்சாயிரத்துக்குள்ளன்னா எஸ் பென்னோட வர்ற சாம்சங்க ஆஃபர் நேரத்துல பிடிக்கிறது புத்திசாலித்தனம்.

படம் பாக்க மட்டும்னா எதுக்கு இவ்வளவுன்னு ஐயாயிரம் ரூபா டேப் தேடுவீங்க. ஆன்லைன்ல பேர் தெரியாத கம்பெனி, 12 ஜிபி ரேம், 512 ஜிபின்னு போட்டிருக்கும், பிரிச்சுப் பாத்தா உள்ள இருக்கிறதே வேற, செட்டிங்ஸ்ல காட்டுற நம்பர்கூட பொய்யா மாத்தி வெச்சது. நல்ல கம்பெனிகளே "4+4 ரேம்"னு போடுறாங்க, அந்த ரெண்டாவது 4 ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்கினது, ரேம் இல்ல. வாங்கினதும் வைட்வைன், அதாவது படத்த காப்பி அடிக்காம காக்குற பூட்டு, அதோட லெவல் எல்1ஆ எல்3ஆன்னு டிஆர்எம் இன்ஃபோ ஆப் போட்டு பாருங்க. எல்3ன்னா ஸ்கிரீன் எவ்வளவு நல்லா இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாத்தான் வரும், சர்வீஸ்ல சரி பண்ண முடியாத விஷயம் அது. அப்பா அம்மாவுக்கு சீரியல், வீடியோ காலுக்குன்னா சாம்சங் டேப் ஏ9 ப்ளஸ் ரகம் போதும், ஆனா 4 ஜிபி ரேம் வேணாம், 8 ஜிபி எடுங்க.

எத்தனை வருஷம் அப்டேட் வரும்ங்கிறது செகண்ட் ஹேண்ட் எடுக்கும்போதுதான் கடிக்கும். 2019ல வந்த ஏழாவது ஜெனரேஷன் ஐபேட்டுக்கு ஐபேட்ஓஎஸ் 26 கிடையாது, அதுக்கடுத்த வருஷ மாடலுக்கு இருக்கு, பாக்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான், அதனால பின்னாடி மாடல் நம்பர பாத்து வாங்கணும். மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் டேப், பழைய சர்ஃபேஸ் ப்ரோ சல்லிசா கிடைக்குதுன்னு எடுக்குறவங்களும் கவனம், விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, சர்ஃபேஸ் ப்ரோ 6க்கு முந்தின மாடல்ல விண்டோஸ் 11 முறையா ஏறாது.

கடைசியா ஒண்ணு, யூஸ்டு டேப்ப பாத்து காசு குடுக்குறதுக்கு முன்னாடி, உங்க கண்ணு முன்னாடியே ரீசெட் போட்டு, வைஃபை குடுத்து, புதுசா செட்டப் பண்ற வரைக்கும் நில்லுங்க. பழைய ஓனரோட ஆப்பிள் ஐடியோ கூகுள் அக்கவுண்ட்டோ கேட்டா அவர் அங்கயே பாஸ்வேர்ட் போட்டு எடுத்துக் குடுக்கணும். "இந்த ஐபேட் இந்த நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது"ங்கிற மாதிரி ஏதாவது வந்தா அது ஆபீஸ் சரக்கு, சில படிப்பு ஆப்காரங்க குடுத்த டேப்பும் இப்படித்தான் பூட்டி இருக்கும். "சாஃப்ட்வேர் அடிச்சா சரியாயிடும், தெரிஞ்ச ஆள் இருக்கார்"னு விக்கிறவர் சொல்வார். அந்தத் தெரிஞ்ச ஆள்ட்ட அவரே அடிச்சு, திறந்து கொண்டு வரட்டும், அப்புறம் காசு குடுங்க.