புல்வெட்டியின் ஆயுள் இருக்கைக்கு அடியில் இருக்கிறது

அமெரிக்காவில் குளிர்காலம் விலகி ஏப்ரல் பிறந்ததும், வீட்டுச் சாமான்கள் விற்கும் பெருங்கடைகளின் வாசலில் ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கும். அவற்றின் முகப்பு மூடியில் பெரும்பாலும் இரண்டு எண்கள் கண்ணைப் பறிக்கும்படி ஒட்டப்பட்டிருக்கும். எஞ்சினின் குதிரைத்திறன் ஒன்று, வெட்டும் அகலம் இத்தனை அங்குலம் என்பது மற்றொன்று. வாங்க வருபவர் இந்த இரண்டையும் விலையையும் வைத்தே கணக்குப் போடுகிறார். ஐந்தாவது ஆண்டிலும் அந்த வண்டி கொல்லைமேட்டில் ஏறுமா, பாதி வழியில் முனகி நின்றுவிடுமா என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பது இருக்கைக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவில், யார் கண்ணிலும் படாமல் இருக்கும் கியர்பாக்ஸ்தான்.

அதற்குப் போகுமுன், இப்படியொரு வண்டி தேவைதானா என்று பார்த்துவிடலாம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி, நம்மூர்க் கணக்கில் 100 சென்ட். வீடும் வாகனப் பாதையும் போக 25 சென்ட் அளவுக்கே புல் இருந்தால், நடந்தபடி தள்ளும் புல்வெட்டியே போதும். 50 சென்ட்டைத் தாண்டும்போதுதான் ஏறி ஓட்டும் வண்டிக்குப் பொருள் உண்டாகிறது. 42 அங்குல அகலம் கொண்ட வண்டி மணிக்கு 4 மைல் வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.7 ஏக்கர் வெட்ட வேண்டும் என்று பெருக்கல் கணக்கு சொல்லும். திரும்புவதிலும், ஒரு வரிசைமேல் அடுத்த வரிசையைச் சற்று ஏற்றி ஓட்டுவதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டால் மீதமிருப்பது 1.36 ஏக்கர். ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு 54 அங்குல வண்டி மிச்சப்படுத்தித் தருவது வாரத்தில் சில நிமிடங்களே. அந்த அகலத்துக்குக் கொடுக்கும் பணத்தை வேறிடத்தில் செலவிடுவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

புல் வெட்டுப்படும் விதத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி, கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீராக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. அதில் சுழலும் கத்திகள் அசையாத ஓர் அலகின்மீது உரசி, கத்தரிக்கோலைப் போலப் புல்லை நறுக்கின. இன்றைய வண்டியில் அந்த அசையா அலகு கிடையாது. புல்லறுப்பவர் இடக்கையால் புல்லைப் பற்றிக்கொண்டு வலக்கையால் அரிவாளை இழுப்பார். பற்றாமல் இழுத்தால் புல் வளைந்துகொடுத்துத் தப்பிவிடும். இயந்திரத்துக்கு இடக்கை இல்லை. வளைவதற்குப் புல்லுக்கு நேரமே கொடுக்காத வேகத்தைக் கொண்டு அது அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. 42 அங்குல வண்டியில் வழக்கமாக இரண்டு கத்திகள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 21 அங்குல நீளம். நிமிடத்துக்கு 3,300 சுற்று சுழலும்போது அவற்றின் நுனி மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. இதற்குமேல் அதிகம் போகவும் முடியாது, ஏனெனில் அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலை நுனி வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

கத்தி விசிறியாகவும் வேலை செய்கிறது. அதன் பின்விளிம்பு மேல்நோக்கி மடிக்கப்பட்டிருப்பதால், சுழலும்போது கீழிருந்து காற்றை இழுத்து, சாய்ந்து கிடக்கும் புல்லை நிமிர்த்துகிறது. வெட்டிய துணுக்குகளைப் பக்கவாட்டுத் திறப்பு வழியே தள்ளுவதும் அதே காற்றுத்தான். சுழற்சி பாதியானால் இந்த இழுவிசை ஏறக்குறையக் கால்பங்காகிவிடும். எஞ்சினுக்கு நல்லது செய்வதாக எண்ணிப் பாதி வேகத்தில் வைத்து வெட்டுகிறவர்களின் முற்றம் மேடும் பள்ளமுமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். மழுங்கிய கத்தி புல்லை வெட்டுவதற்குப் பதிலாகக் கிழிக்கிறது. இரண்டு நாளில் நுனியெல்லாம் பழுப்பேறினால் வண்டியைக் குறைசொல்லுமுன் கத்தியைத் தீட்டிப் பார்க்க வேண்டும்.

கத்திகளை மூடியிருக்கும் இரும்புத் தட்டை டெக் என்பார்கள். வீட்டு வண்டிகளில் பெரும்பாலும் ஒரே தகட்டை அழுத்தி வடிவமாக்கிய டெக்; விலை கூடியவற்றில் கனமான தகடுகளை வெட்டிப் பற்றவைத்த டெக். தகட்டின் கனம் கேஜ் எண்ணால் சொல்லப்படுகிறது, எண் குறையக் குறையக் கனம் கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும். 13 கேஜ் சுமார் 2.3 மில்லிமீட்டர், 10 கேஜ் சுமார் 3.4 மில்லிமீட்டர். வேரிலும் கல்லிலும் மோதும் நிலமாக இருந்தால் இந்த ஒரு மில்லிமீட்டர் பேசும். வெறும் புல்தரையில் அழுத்திச் செய்த டெக்கே போதும், அதன் வளைவான உட்புறத்தில் காற்று நன்றாகவும் சுழலும். டெக்கைக் கொல்வது பெரும்பாலும் மோதல் அல்ல, துருத்தான். ஈரப்புல்லை அடியில் அப்பியபடியே விட்டுவிட்டால் எந்தக் கேஜும் தாங்காது. கத்தியைத் தாங்கும் ஸ்பிண்டில் வார்ப்பிரும்பில் இருக்கிறதா, அதன் பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கும் குமிழ் உண்டா என்று கடையில் குனிந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், கவாசாகி ஆகிய மூன்று பெயர்களில் ஒன்றுதான் பெரும்பாலும் கண்ணில் படும்; ஒரே நிறுவனத்தின் மலிவான எஞ்சினுக்கும் விலை கூடிய எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு, இரு நிறுவனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. ஒட்டியிருக்கும் குதிரைத்திறன் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அந்த எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று அமெரிக்க நீதிமன்றத்தில் நுகர்வோர் தொடுத்த வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்தது. அந்தக் காலந்தொட்டுப் பல எஞ்சின்களில் குதிரைத்திறனை விட்டுவிட்டு முறுக்குவிசையைக் குறிப்பிடும் வழக்கம் பரவியது. எண்ணைவிட முக்கியமானது எண்ணெய் எப்படிப் பரவுகிறது என்பது. உள்ளே ஒரு துடுப்பு எண்ணெயை வாரியிறைக்கும் எஞ்சினில் வடிகட்டி இருக்காது. பம்பு வைத்து அழுத்தத்தோடு செலுத்தும் எஞ்சினில் பெரும்பாலும் திருகிக் கழற்றும் வடிகட்டி இருக்கும். பின்னதே நீடிக்கும். இரண்டுமே காற்றால் குளிர்பவை என்பதால், குளிர்விக்கும் இறகுகளுக்கிடையே உலர்ந்த புல் அடைத்துக்கொள்ளாமல் ஆண்டுக்கொருமுறையேனும் மூடியைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

இனி கியர்பாக்ஸ். பழைய வண்டிகளில் கிளட்ச் மிதித்துப் பல்சக்கரம் மாற்றுவார்கள். இப்போது விற்பவற்றில் பெரும்பாலானவை ஹைட்ரோஸ்டாட்டிக் வகை; காரைப் போல மிதியை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். இதனுள்ளே பல்சக்கரங்களின் இடத்தில் எண்ணெய்தான் ஆற்றலைக் கடத்துகிறது. எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் மேலேயுள்ள கப்பியைச் சுழற்ற, அதனோடு ஓர் உருளையும் சுழல்கிறது. உருளையில் துப்பாக்கியின் தோட்டா அறைகளைப் போல வட்டமாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறிய பிஸ்டன். பிஸ்டன்களின் முனை ஒரு தட்டின்மீது படிந்து வழுக்கிக்கொண்டே சுற்றுகிறது. தட்டு சாயாமல் மட்டமாக இருக்கும்வரை பிஸ்டன்கள் உள்ளும் புறமும் அசைவதில்லை. உருளை சும்மா சுழல்கிறது, வண்டி நிற்கிறது. மிதியை அழுத்தினால் தட்டு சாய்கிறது. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை உள்ளே போய் வெளியே வர, எண்ணெய் அழுத்தத்தோடு பாய்ந்து எதிரேயுள்ள இன்னொரு பிஸ்டன் தொகுதியைச் சுழற்றுகிறது. சக்கரத்தை ஓட்டுவது அதுதான். அதிகம் சாய்த்தால் அதிக வேகம், எதிர்ப்பக்கம் சாய்த்தால் பின்னோட்டம். எஞ்சினின் சுழற்சி மாறாமலே வண்டியின் வேகத்தை நூலிழையாகக் கூட்டவும் குறைக்கவும் முடிவது இந்தச் சாய்தட்டின் கைவண்ணம்.

அழகான இந்த ஏற்பாட்டின் பலவீனமும் எண்ணெயில்தான் இருக்கிறது. பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையே ரப்பர் வளையம் எதுவுமில்லை, மிக நுண்ணிய இடைவெளி மட்டுமே. அதன் வழியே எப்போதும் கொஞ்சம் எண்ணெய் கசியும். அந்தக் கசிவே மசகாகவும் பயன்படுகிறது. வண்டி மேட்டில் ஏறும்போதோ, பின்னால் பாரம் இழுக்கும்போதோ உள்ளழுத்தம் கூடுகிறது, கசிவும் கூடுகிறது. சக்கரத்தைச் சுழற்றாமல் கசிந்துபோன அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. சூடேறிய எண்ணெய் நீர்க்கிறது, நீர்த்த எண்ணெய் இன்னும் எளிதாகக் கசிகிறது, இன்னும் சூடேறுகிறது. காலையில் மேட்டில் துள்ளி ஏறிய வண்டி, முக்கால் மணி நேரம் கழித்து அதே மேட்டில் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க நகராமல் நிற்பதன் விளக்கம் இவ்வளவே. கப்பியின்மேல் ஒரு சிறு விசிறி இந்தப் பெட்டியைக் குளிர்விக்கப் படாதபாடு படுகிறது. அரை வேகத்தில் எஞ்சினை ஓட்டுகிறவர் அந்த விசிறியையும் அரை வேகத்துக்கு இறக்கிவிடுகிறார்.

எனவே எல்லா ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டிகளும் ஒன்றல்ல. டென்னசி மாநிலத்தின் மாரிஸ்டவுனில் இயங்கும் டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 என்ற பெட்டி, வெவ்வேறு நிறம் பூசிய பல நிறுவனங்களின் தொடக்கநிலை வண்டிகளில் பல ஆண்டுகளாகப் பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. சமதளத்தில் புல் வெட்டுவதற்கென அளவோடு செய்யப்பட்ட பெட்டி அது. அந்த வேலைக்கு அது குறைவைப்பதில்லை. ஆனால் அதில் எண்ணெயை வடிக்கத் திருகு கிடையாது. மாற்ற வேண்டுமானால் பெட்டியையே வண்டியிலிருந்து இறக்கிக் கவிழ்க்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் சல்லிவனைச் சேர்ந்த ஹைட்ரோ கியர் நிறுவனத்தின் பெட்டிகளிலும் இதே படிநிலை உண்டு: சிறிய வகைகள் மூடி முத்திரையிட்டவை, இசட்டி 2800 முதலான பெரியவற்றில் வடிகட்டியும் எண்ணெயும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மேடான நிலம் வைத்திருப்பவர் குதிரைத்திறனில் இரண்டைக் குறைத்துக்கொண்டாவது எண்ணெய் மாற்றக்கூடிய பெட்டியை வாங்க வேண்டும். விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பெட்டியின் பெயரைத்தான். பதில் தெரியாமல் அவர் விழித்தால் இன்னொரு கடைக்குப் போகலாம்.

1960களின் முற்பகுதியில் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரெஜியர் உருவாக்கிய ஜீரோ டர்ன் வகையில் இப்பெட்டிகள் இரண்டு, ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒன்று. மாட்டுவண்டி ஓட்டுகிறவர் திரும்பும்போது ஒரு மாட்டை இழுத்துப் பிடித்து மற்றதை ஓட்டுவதுபோல, இரண்டு நெம்புகோல்களால் ஒரு சக்கரத்தை நிறுத்தி மற்றதைச் சுழற்றலாம். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகச் சுழற்றினால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். மரங்களும் பூப்பாத்திகளும் நிறைந்த முற்றத்தில் இது நேரத்தை வெகுவாக மிச்சப்படுத்தும். சரிவில் கதை வேறு. இந்த வகையில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் கடைத் தள்ளுவண்டியின் சக்கரங்களைப் போலத் தாமாகத் திரும்புபவை, அவற்றுக்குத் திசைதிருப்பும் ஆற்றல் இல்லை. ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்கிய நொடியில் வேகமும் திசையும் தடையும் ஒன்றாகப் பறிபோகின்றன. வண்டிகளின் கையேடுகளில் 15 பாகையே பொதுவான உச்சவரம்பு, அதாவது 100 அடி தூரத்துக்கு ஏறத்தாழ 27 அடி ஏற்றம். சில ஜீரோ டர்ன் வண்டிகளுக்கு அதைவிடக் குறைவு. வாய்க்காலோ குளமோ சரிவின் அடியில் இருக்கும் வீட்டுக்கு இந்த வகையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. லான் டிராக்டர் எனப்படும், ஸ்டீயரிங் வைத்த வழக்கமான புல்வெட்டியை, சரிவில் மேலும் கீழுமாக மட்டுமே ஓட்டுவது மேல்.

இருக்கையிலிருந்து எழுந்தால் கத்தி நின்றுவிடும்படி அதற்கடியில் ஒரு சுவிட்சு இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் அது தொல்லை என்று கம்பியை முறுக்கி இணைத்துச் செயலிழக்கச் செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 16 வயதுக்கு உட்பட்டவர்களை இவ்வண்டிகளை ஓட்டவிடக் கூடாது என்கிறது.

வாங்கிய பின் பெட்ரோலில் கவனம் வேண்டும். 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கலந்த எரிபொருள் இந்தச் சிறிய எஞ்சின்களுக்கு ஆகாது. ஈரத்தை ஈர்க்கும் எத்தனால் கார்புரேட்டரை அரித்துவிடும். பேட்டரியில் ஓடும் வண்டிகளில் இந்தத் தலைவலியே கிடையாது. ஒரு ஏக்கருக்கு உட்பட்ட சமநிலத்துக்கு அவை இப்போது நல்ல தெரிவு. ஆனால் பேட்டரியை மாற்றும் நாளில் அதன் விலை என்ன என்பதை வாங்கும் நாளிலேயே விசாரித்துவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணிமானியைப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்றால் பத்தாண்டில் 300 மணி. அந்த அளவுக்குள் இருக்கும் வண்டி சாதாரணமாக வேலை செய்தது என்று கொள்ளலாம். விற்பவர் எஞ்சினைக் கிளப்பிக் காட்டியதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது. குளிர்ந்த கியர்பாக்ஸ் எல்லாரிடமும் நன்றாகவே நடந்துகொள்ளும். அரை மணி நேரம் புல் வெட்டச் சொல்லி, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு, அந்த வீட்டிலேயே ஒரு மேட்டைத் தேடி, நீங்களே ஏறி அமர்ந்து மெதுவாக ஏற்றிப் பாருங்கள்.