பியோர்ன்: கரடியின் பெயரைச் சொல்லப் பயந்தபோது பிறந்த பெயர்

ஸ்காண்டிநேவியக் குழந்தைப் பெயர்ப் பட்டியல் எதை எடுத்தாலும் பியோர்ன் என்ற பெயருக்கு எதிரே 'கரடி' என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருப்பார்கள். தப்பில்லை. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து நான்கு நாடுகளிலும் இன்றைக்கும் கரடிக்கு அன்றாடச் சொல் அதுதான். ஆனால் அந்தச் சொல் எப்படி வந்தது என்று பார்க்காமல் விட்டால் இந்தப் பெயரின் அழகில் பாதி போய்விடும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் கடைசியில் வரும் ர், ன் இரண்டும் தனித்தனியாக ஒலிப்பதில்லை, சேர்ந்து நம்முடைய ண் ஆகிவிடும். காதில் 'ப்யோண்' என்று விழும். ஐரோப்பாவில் அரிதாகக் கேட்கும் இந்த ஒலிக்கு நம்மிடம் தனி எழுத்தே இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர்களோ நடுவில் ஒரு ட் சேர்த்து 'ப்யோர்ட்ன்' என்பது போலச் சொல்வார்கள். எழுத்தைப் பின்பற்றி நாம் பியோர்ன் என்று எழுதுவதே போதும்.

சரி, வேர். இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்குக் கரடியைக் குறிக்கப் பொதுவான ஒரு பழஞ்சொல் இருந்தது. கிரேக்கத்தில் அது ஆர்க்டோஸ், லத்தீனில் உர்சுஸ், சமஸ்கிருதத்தில் ருக்ஷ. வடதுருவத்தை ஆர்க்டிக் என்கிறோமே, வானத்தில் அந்தப் பக்கம் தெரியும் பெருங்கரடி விண்மீன் கூட்டத்தால் வந்த பெயர் அது. ஆனால் நார்ஸ் (ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழி), ஜெர்மன், ஆங்கிலம் ஆகியவை கிளைத்த ஜெர்மானியக் குடும்பத்தில் இந்தச் சொல் அடியோடு காணாமல் போனது. காட்டில் பெயர் சொன்னால் கரடி எதிரே வந்து நின்றுவிடும் என்று வேட்டைக்காரர்கள் பயந்து, அதைப் 'பழுப்பு நிறத்தான்' என்று சுற்றிவளைத்துக் குறித்தார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது என்பதுதான் மொழியியலாளர் பலரும் சொல்லும் விளக்கம். 'காட்டு விலங்கு' என்பதே வேர்ப்பொருள் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும் அது நேர்ப்பெயர் இல்லை. ரஷ்ய மொழியில் கரடிக்குப் பெயர் 'தேன் தின்பவன்' என்று பொருள்படும், ஃபின்னிஷில் 'தேன் உள்ளங்கை' என்றே ஒரு பெயர் இருக்கிறது.

நமக்கு இது புதிதில்லை. சுடுகாட்டை நன்காடு என்பதை மங்கல வழக்கு என்று பள்ளி இலக்கணத்திலேயே படித்திருக்கிறோம், ராத்திரி நேரத்தில் பாம்பு என்று சொல்லாமல் 'பூச்சி' என்று சொல்கிற கிராமத்துப் பாட்டிகளையும் பார்த்திருக்கிறோம். ஒரு வித்தியாசம், நம்மிடம் சுடுகாடும் பாம்பும் அப்படியே இருக்கின்றன. அங்கே மாற்றுப்பெயர் வந்து மூலப்பெயரையே விழுங்கிவிட்டது.

என்னை அதிகம் நெகிழவைப்பது அடுத்த கட்டம்தான். எந்த மிருகத்தின் பெயரை உச்சரிக்க அஞ்சினார்களோ, அதற்கு வைத்த மாற்றுப்பெயரையே எடுத்துப் பெற்ற பிள்ளைக்குச் சூட்டினார்கள். வைக்கிங் காலத்து ஸ்வீடிஷ் ரூன் கற்களில், அதாவது ரூன் என்ற பழைய எழுத்தில் செதுக்கிய கல்வெட்டுகளில், இந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தோர் என்ற தெய்வத்தோடு சேர்ந்து தோர்பியோர்ன், தெய்வங்களைக் குறிக்கும் 'ஆஸ்' என்ற சொல்லோடு சேர்ந்து ஆஸ்பியோர்ன் ஆனது. பெண் குழந்தைக்கு ஐஸ்லாந்தில் பிர்னா, அதாவது பெண் கரடி. இத்தனைக்கும் ஐஸ்லாந்தில் கரடியே கிடையாது, எப்போதாவது கிரீன்லாந்துப் பக்கமிருந்து பனிப்பாளத்தோடு வந்து கரையேறும் துருவக்கரடிதான்! 1903இல் இலக்கிய நோபல் பெற்ற நார்வே எழுத்தாளரின் பெயர் பியோர்ன்ஸ்டியர்ன பியோர்ன்சன்: கரடி விண்மீன், கரடியின் மகன். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டன் வென்ற பியோர்ன் போர்க்கை டென்னிஸ் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அப்புறம், ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் பெயரை இதோடு குழப்ப வேண்டாம், அது பிர்ச் மரம்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் என்ன? கரடி சரிதான், ஆனால் ஆளின் பெயருக்குப் பொருள் சொல்லும்போது எனக்கு எண்கு என்ற சொல் பிடிக்கும். சங்கப் பாடல்களில் புற்றைத் தோண்டியும் இலுப்பைப் பூவைத் தின்றும் திரிகிற கரடிக்கு அதுதான் பெயர். கம்பராமாயணத்துச் சாம்பவான் எண்குகளின் தலைவன், தெலுங்கின் எலுகுபன்டியும் இதன் உறவே. வேர்ப்பொருளையும் காட்ட வேண்டுமென்றால் 'பழுப்பன்' என்று பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் தனியாகப் போட்டால் நம்மவர்களுக்குக் கரடியே நினைவுக்கு வராது, ஏனென்றால் நம் காட்டுக் கரடி கறுப்பு.