பட்டத்தோடு பொறுப்பையும் கொடுங்கள்: புதிய கேம் மாஸ்டர்களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்துபவர் கேம் மாஸ்டர். பல அமர்வுகளாக நீளும் அதன் தொடர்களைக் கட்டணம் பெற்று நடத்துவது என் தொழில். அதனால் வேறு மேசைகளில் ஆடிவிட்டுப் பாதியில் விலகி வரும் ஆட்டக்காரர்களோடு அடிக்கடி பேச நேர்கிறது. அவர்களுடைய பாத்திரத் தாளை வாங்கிப் பார்த்தால், ஆட்ட உலகின் ஏதேனும் ஓர் அமைப்பின் பெயரும் அது வழங்கிய பட்டமும் பெரும்பாலும் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டம் கிடைத்த பிறகு ஆட்டத்தில் என்ன மாறியது என்று கேட்டால், பலரால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. ஆர்வத்தோடு தொடங்கிய ஒரு தொடர் மெல்ல மெல்லச் சலித்துப்போவதற்கு இந்த வெறும் பட்டங்களும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் விதிகளை முதலில் பார்ப்போம். 2014 இல் வெளிவந்த டன்ஜன் மாஸ்டருக்கான (இந்த விளையாட்டில் கேம் மாஸ்டரின் பெயர்) கையேடு, ‘ரினௌன்’ என்ற பெயரில் நற்பெயரைப் புள்ளிகளாகக் கணக்கிடும் முறையை விருப்ப விதியாகத் தருகிறது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகின் ஹார்ப்பர்ஸ், ஆர்டர் ஆஃப் தி காண்ட்லெட், எமரால்ட் என்கிளேவ், லார்ட்ஸ் அலையன்ஸ், ஸென்டாரிம் ஆகிய ஐந்து அமைப்புகளிலும் 1, 3, 10, 25, 50 ஆகிய புள்ளிகளில் ஒவ்வொரு தகுதி நிலை திறக்கிறது. அமைப்பின் நலனுக்கு உதவும் செயலுக்கு 1 புள்ளியும், அமைப்பே ஒப்படைத்த பணியை முடித்தால் 2 புள்ளியும் கிடைக்கும். சாகசங்களுக்கு இடைப்பட்ட ஓய்வு நாட்களில் சிறு வேலைகள் செய்தும் ஒரு புள்ளி ஈட்டலாம். ஆனால் அதற்கு அப்போதைய புள்ளியைப் பத்தால் பெருக்கிய அளவு நாட்கள் உழைக்க வேண்டும். 9 புள்ளி வைத்திருப்பவர் பத்தாவது புள்ளியைப் பெற, ஆட்ட உலகில் 90 நாட்கள் வேண்டும். மேலே போகப் போக, நேரில் இறங்கிச் சாதிக்காமல் பெயர் வாங்க முடியாது என்பதை அந்தக் கணக்கே உறுதிசெய்துவிடுகிறது.

கணக்கு சரியானதுதான். அதை அவசரமாகப் படிப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தவற விடுகிறார்கள். ரினௌன் ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது என்பது முதலாவது. ஊரறிந்த புகழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹார்ப்பர்ஸ் மறைவாக இயங்கும் வலையமைப்பு. அதில் ‘பிரைட்கேண்டில்’ ஆன ஒருவரைச் சத்திரக்காரர் முதல் சந்தைக்காரர் வரை எல்லோரும் அந்தப் பட்டம் சொல்லி வரவேற்றால், அந்த அமைப்பின் இயல்பே சிதைந்துவிடும். அவருக்குரிய மரியாதை வேறு வழியாக வர வேண்டும்: முன்பின் அறியாத ஒரு பாடகி அவரது மேலங்கியின் உள்மடிப்பில் இருக்கும் யாழ்ச் சின்னத்தைக் கண்டுகொண்டு, பின்வாசல் திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. தாழ்ந்த நிலையில் நம்பகமான தொடர்பாளர், பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம், விலை குறைத்துத் தரும் வணிகர்; நடு நிலையில் ஓர் உதவியாள், மருந்துகளும் மந்திரச் சுருள்களும், ஆபத்தான பணிக்குத் துணைப்படை; உயர்ந்த நிலையில் சிறு சேனை என்று பலன்களைக் கையேடு விரிவாகவே எடுத்துக்காட்டுகிறது. ஆனால் பலனுக்கு ஈடாகப் பட்டம் பெற்றவரிடம் அந்த அமைப்பு எதை எதிர்பார்க்கும் என்பதை மேசையில் உயிர்ப்பிக்க வேண்டியவர் கேம் மாஸ்டர்தான். அந்த வேலையைச் செய்யாமல் விட்டால், பட்டம் ஒரு தள்ளுபடிச் சீட்டாகச் சுருங்கிவிடும்.

என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சோர்ட் கோஸ்ட் கடற்கரையில் நடந்த ஒரு தொடரில், ஒருவரின் குள்ளர் இனப் போர்வீரர், நகர ஆட்சியாளர்களின் கூட்டணியான லார்ட்ஸ் அலையன்ஸில் 10 புள்ளியை எட்டி ‘ஸ்டிங்பிளேட்’ ஆகியிருந்தார். அடுத்த அமர்வில் குழு வாட்டர்டீப் நகர வாயிலை அடைந்தபோது, வண்டிகளின் நீண்ட வரிசையைத் தாண்டிக் காவல் தலைவர் நேராக அவரிடம் வந்து வணங்கினார். மூட்டைகளைச் சோதிக்காமல் எல்லோரையும் உள்ளே விட்டார். ஆட்டக்காரரின் முகம் மலர்ந்தது. அதே காவல் தலைவர் முத்திரையிட்ட கடிதம் ஒன்றையும் நீட்டினார். விடியும் முன் புறப்படும் ஒரு வணிகக் கூட்டத்தில் கள்ளச் சரக்கு இருப்பதாகவும், அதை ஸ்டிங்பிளேட் தம் பொறுப்பில் தடுத்து நிறுத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தக் கூட்டம், செல்வத்தையும் அதிகாரத்தையும் தேடும் நிழல் அமைப்பான ஸென்டாரிமுக்குச் சொந்தமானது. குழுவில் இருந்த திருடரோ ஸென்டாரிமில் ‘வுல்ஃப்’ தகுதி உடையவர். பிறகு நெடுநேரம் யாரும் பகடையைத் தொடவில்லை. இருவரும் தத்தம் பாத்திரங்களின் குரலிலேயே வாதாடினார்கள், மற்றவர்கள் நடுவர்களானார்கள். சரக்கைத் தடுப்பது, ஆனால் வண்டியோட்டிகளைத் தப்பவிடுவது என்று கடைசியில் முடிவானது. அந்த முடிவால் இரண்டு அமைப்புகளுமே முழுத் திருப்தி அடையவில்லை. அந்த அதிருப்தியே அடுத்த பல அமர்வுகளுக்குக் கதை கொடுத்தது.

பட்டமும் பொறுப்பும் சேர்ந்தே வருவது இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974 இல் வெளிவந்த முதல் பதிப்பில், போர்வீரர் ‘வெட்டரன்’ என்ற பட்டத்தோடு தொடங்கி, அனுபவம் சேரச் சேர உயரும் நிலைகளில் ஒன்பதாவதில் ‘லார்ட்’ ஆவார். அதன் பின் கோட்டை கட்டினால் அவர் ஒரு பரோன். தம் ஆட்சிப் பகுதியின் குடிமக்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஆண்டுக்கு 10 பொற்காசு வரி பெறுவார். வரி வாங்குபவருக்கு எல்லையைக் காக்கும் கவலையும் வந்து சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1978 இல் வெளிவந்த ஆட்டக்காரர் கையேடு இன்னும் கண்டிப்பானது. இயற்கையைப் போற்றும் மந்திரப் பூசாரிகளான ட்ரூயிட்களில் பன்னிரண்டாம் நிலையில் ஒன்பது பேர், அடுத்த நிலையில் மூன்று ஆர்ச்ட்ரூயிட்கள், அதற்கும் மேல் ஒரே ஒரு கிரேட் ட்ரூயிட் என்று இடங்களுக்கு வரம்பு வைத்து, மேலே செல்ல விரும்புபவர் அந்த இடத்தில் இருப்பவரை மோதி வெல்ல வேண்டும் என்றது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. பட்டத்தை ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கிறார், அவருக்கும் முகமும் வாழ்வும் உண்டு என்பதை அது ஒரே வீச்சில் உணர்த்திவிடுகிறது. 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பு, நிலைகளுக்கான பட்டப் பெயர்களைப் பொதுவாகக் கைவிட்டது.

பிற விளையாட்டுகளைக் கற்பதும் உதவும். ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க், குழுவுக்கும் ஒவ்வொரு கும்பலுக்கும் உள்ள உறவை -3 முதல் +3 வரையான அளவில் வைக்கிறது. ஒரு கும்பலுக்கு எதிராக வேலை செய்தால் அதனிடம் மதிப்பு சரியும்; அதன் எதிரிகளிடம் உயரலாம். -3 என்றால் போர். நற்பெயர் குழு முழுவதற்கும் பொதுவாக இருப்பதால், ஒருவர் மட்டும் பட்டத்தால் உயர்ந்து மற்றவர்கள் அவருடைய பரிவாரமாகும் சங்கடம் அங்கே எழுவதில்லை.

அந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் மிகவும் எச்சரிக்க விரும்புகிறேன். ஐந்து பேர் ஆடும் மேசையில் ஒருவருக்கு மட்டும் பட்டம் கிடைத்தால், என்பிசிகள் (கேம் மாஸ்டர் ஆட்டுவிக்கும் பாத்திரங்கள்) எல்லோரும் அவரிடமே பேசத் தொடங்குவார்கள். கேம் மாஸ்டர் திட்டமிடாமலேயே இது நடந்துவிடும். மூன்று அமர்வுகள் இப்படிப் போனால், மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஒரே அமர்வில் எல்லோருக்கும் பட்டம் கொடுப்பது இதற்குத் தீர்வாகாது. பட்டம் பெற்றவருக்கு வரும் பணியில் மற்றவர்களின் திறமை இன்றியமையாததாக இருக்கட்டும். அந்த அமைப்பின் தலைவர் பட்டம் பெற்றவரை விடுத்து, குழுவின் மந்திரவாதியிடம் ஆலோசனை கேட்கட்டும். எதிரெதிர் அமைப்புகளில் சேர விரும்பும் ஆட்டக்காரர்களிடம், தொடர் தொடங்கும் முன்பே, இந்த மோதல் உங்களுக்குச் சம்மதமா, எந்த எல்லையில் நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் ரகசியப் பணி கொடுப்பதும் இந்தச் சம்மதம் இருந்தால் மட்டுமே சரி.

பட்டத்தைப் பறிப்பதிலும் நிதானம் தேவை. உறுப்பினர்களோடு கருத்து வேறுபட்டது மட்டுமே ரினௌன் குறையக் காரணமாகாது. அமைப்புக்கோ அதன் உறுப்பினருக்கோ எதிரான கடுமையான குற்றமே குறைக்கும் என்று ஐந்தாம் பதிப்பின் கையேடு கூறுகிறது. ஆட்டக்காரர் அப்படியொரு செயலை அறிவிக்கும்போது, அவருடைய பாத்திரத்துக்கு அதன் விளைவு தெரிந்திருக்குமானால், பகடை உருட்டும் முன்பே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தும் செய்தால், அடுத்த அமர்வில் ஒரு விசாரணையை நடத்துங்கள். அவர் முன்பு காப்பாற்றிய ஒருவர் சாட்சியாக வரட்டும், குழுவினர் அவருக்காகப் பேசட்டும், அதன் பிறகு புள்ளியைக் குறையுங்கள். அமைப்பு அவர் பொறுப்பில் விட்டிருந்த மந்திரப் பொருளை அந்த விசாரணையிலேயே திருப்பிக் கேளுங்கள். அதை ஒப்படைப்பதா, எடுத்துக்கொண்டு ஓடுவதா என்ற முடிவை ஆட்டக்காரரிடம் விட்டுவிடுங்கள்.